வரலட்சுமி முன்சீட்டுக்கு வந்த கதை

வருகிற ஞாயிற்றுக்கிழமை எப்பாடுபட்டாவது தன் மனைவி வரலட்சுமியைக் காரின் முன்சீட்டில் உட்கார வைத்துவிடுவது என்று எத்திராஜ் சபதம் செய்தான்.

இதற்கெல்லாமா ஒரு சபதம், கதவைத் திறந்துவிட்டால் ஏறி உட்காரப் போகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி நினைக்கிறவர்கள் மாமியாரோடு ஒரே வீட்டில் குடியிருந்ததில்லை என்று தெரிகிறது. கொடுத்து வைத்தவர்கள்.

எத்திராஜுக்கு ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையில் சார்ஜ்மேன் உத்தியோகம். குவாட்டர்ஸில் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, பின்னால் துணி காயப்போட ஒரு சின்ன முற்றம். கல்யாணமாகி இரண்டு வருஷம். பெண்ணைக் குடித்தனம் வைத்துவிட்டு ஒரு வாரத்தில் திரும்பிவிடுவதாக வந்த மாமியார் வேம்புலியம்மாள் வந்தும் இரண்டு வருஷம். அந்த அம்மாள் கெட்டவள் இல்லை. மீன் குழம்பு வைத்தால் மருமகனுக்கு நடுத்துண்டுதான் போடுவாள். ஆனால் போட்டுவிட்டு எழுந்து போக மாட்டாள். எத்திராஜ் வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் அவனுக்கும் வரலட்சுமிக்கும் நடுவில் வேம்புலியம்மாள் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். யோசித்துப் பார்த்தால் அவனும் வரலட்சுமியும் நிம்மதியாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது மணவறையில்தான். அங்கேயும் ஒரே புகை. அவள் முகமே சரியாகத் தெரியவில்லை.

அதனால்தான் கார் வாங்கினான். ஓய்வுபெற்று ஊருக்குப் போன ஓர் அதிகாரி விட்டுப்போன பழைய ஃபியட், சாம்பல் நிறம். பகட்டுக்காக வாங்கினான் என்று குவாட்டர்ஸில் பேசிக்கொண்டார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? எத்திராஜின் ஆசையே வேறு. செம்பரம்பாக்கம் ஏரி ஓரமாகச் சாலை போகிறது அல்லவா? காற்று சிலுசிலுவென்று வருகிறது. அவன் ஓட்டுகிறான். பக்கத்தில் வரலட்சுமி. அவள் தலையிலிருக்கும் பூந்தமல்லி மல்லிகை அவன் மூக்குக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. அவள் ஆரஞ்சுப் பழம் உரிக்கிறாள். அவன் ஸ்டியரிங்கை விட முடியாது. ஆகவே சுளையை அவளே அவன் வாயில் போட வேண்டும், வேறு வழியில்லை. ஸ்டியரிங் என்பதைக் கண்டுபிடித்ததே இதற்காகத்தான் என்பது எத்திராஜின் கட்சி.

கார் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். வரலட்சுமி ஒரு காலை உள்ளே வைத்தும்விட்டாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அடியே, எங்க ஏறுற?"

"ஏம்மா, வண்டியிலதான்."

"ஆம்பளைக்குப் பக்கத்துல குந்திகினு ஊர்கோலம் போறியா? நாலு குடும்பம் கீற எடம். இவ இன்னா சினிமாக்காரியான்னு கேக்க மாட்டாங்களா? வா இப்புடி, எங்கூட பின்னால குந்து. மாப்ளே, நீங்க ஓட்டுங்க."

வைத்த காலை வரலட்சுமி எடுத்துவிட்டாள். எடுக்கும்போது எத்திராஜை ஒரு பார்வை பார்த்தாள். 'நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்' என்கிற பார்வை. எத்திராஜ் டயரைப் பார்த்தான். காற்று சரியாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. பின்னால் அம்மாவும் பெண்ணும். முன்னால் எத்திராஜ், பக்கத்துச் சீட்டில் தண்ணீர்ச் சொம்பு. ஒரு தரம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தபோது ஓர் ஆள் வந்து, "இன்னா டிரைவர், திருவள்ளூருக்கு வாடகை வருமா?" என்று கேட்டான். எத்திராஜுக்கு அழுகை வந்தது. வேம்புலியம்மாள் பின்னாலிருந்து, "எவ்ளோ குடுப்பே?" என்று விசாரித்தாள்.

அவனுக்கு மிஞ்சிய ஒரே சந்தோஷம் கண்ணாடி. தலைக்கு மேலே இருக்கிற அந்தக் குட்டிக் கண்ணாடியை இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பிவிட்டால் வரலட்சுமியின் முகம் தெரியும். பின்னால் வருகிற லாரி தெரியாது. லாரி யாருக்கு வேண்டும்? காற்றில் பறக்கிற முடியை அவள் ஒதுக்குவதும், எதையோ நினைத்துத் தனக்குத்தானே சிரிப்பதும், ஏரி வந்ததும் தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்ப்பதும் அவனுக்குக் கண்ணாடியில்தான் நடந்தன. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போவான். தன் பெண்டாட்டியைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஏங்கியவன் ஆவடியிலேயே எத்திராஜ் ஒருவன்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வண்டி குதிக்க ஆரம்பித்தது.

"இன்னாங்க இது, காரா கட்டவண்டியா? பின்னால உக்காந்தா கொடலு வாய்க்கு வருது" என்றாள் வரலட்சுமி.

"பின்பக்க ஷாக் அப்சார்பர் ரெண்டும் போயிடிச்சி."

"எங்க போச்சி?"

"எங்கயும் போகல. உள்ள இருக்கிற ஆயில் கசிஞ்சி, தேஞ்சி போச்சி. மேடு பள்ளத்துல வண்டி தூக்கிப் போடாம அதுதான் புடிச்சிக்கும். இப்ப புடிக்கல."

"வாரத்துல ஒரு நாள் ஓட்ற வண்டிக்கு எப்புடிங்க தேயும்?"

"அதான் எனக்கும் புரியல."

"எனக்கும் புரியல" என்றாள் வரலட்சுமி. சொல்லிவிட்டு அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள்.

புரியாத விஷயங்கள் எத்திராஜுக்கு இன்னும் இருந்தன. அரபு நாட்டுக்காரர்கள் பெட்ரோல் விலையைத் தூக்கிய வருஷம் அது. அவன் பார்த்துப் பார்த்துப் போட்டுவைத்த பெட்ரோல் நின்ற இடத்திலேயே குறைந்தது. வெயிலில் ஆவியாகிறது என்று நினைத்து வண்டிக்கு மேலே கீற்றுப் பந்தல் போட்டான். அப்போதும் குறைந்தது. அதைவிடப் பெரிய கவலை, ஞாயிற்றுக்கிழமை ஏறி உட்கார்ந்தால் ஸ்டியரிங் வயிற்றில் இடித்தது. தொப்பை போட்டுவிட்டோம், பெண்டாட்டி முன்னால் வராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று மனம் நொந்துபோய் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினான். பல மாதமாக வெறும் மோர். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை, ஆனால் ஸ்டியரிங் மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் வரலட்சுமியின் அக்கா மகளுக்குக் காதுகுத்து. சீர்வரிசையோடு போக வேண்டும். கார் சாமான் விற்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய்ப் புது ஷாக் அப்சார்பர் இரண்டு வாங்கி வந்தான். கடைக்காரன் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னான். எத்திராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. டாங்கிக்கே அடிவயிறு பார்க்கிறவனுக்கு ஃபியட் எம்மாத்திரம்? சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே ஜாக்கியைப் போட்டுத் தூக்கி, மரக்கட்டையும் செங்கல்லும் முட்டுக் கொடுத்து, பாயை விரித்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான்.

உண்மையைச் சொல்ல வேண்டும். படுக்கும்போது அவன் மனத்தில் ஒரு சூதும் இல்லை. புதிதை மாட்டிவிட்டு எழுந்து வருவதாகத்தான் இருந்தான். பழைய நட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு ஊறட்டும் என்று மல்லாந்து கிடந்தான். அப்போது வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. தலையைத் திருப்பினான். வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தால் வரலட்சுமியின் பாதம் மட்டும் தெரிந்தது. மெட்டி போட்ட இரண்டு பாதம்.

"ஆச்சாங்க?"

"ஊறுது."

"டீத்தண்ணி வெக்கட்டா?"

"வெய்யி."

பாதங்கள் போய்விட்டன. எத்திராஜ் அவை போன திசையையே பார்த்தான். அந்த மெட்டியை அவன்தான் தன் கையால் போட்டுவிட்டான். அந்தப் பாதம் இருக்க வேண்டிய இடம் எது? முன்சீட்டுக்குக் கீழே, அவன் காலுக்குப் பக்கத்தில். இருக்கிற இடம் எது? பின்சீட்டில், வேம்புலியம்மாளின் காலுக்குப் பக்கத்தில். பின்சீட்டு அவ்வளவு சொகுசாகவா இருக்கிறது?

இந்த இடத்தில் எத்திராஜ் வண்டிக்கு அடியிலேயே எழுந்து உட்காரப் பார்த்து நெற்றியில் இடித்துக்கொண்டான். யோசனை வந்துவிட்டது.

பின்சீட்டு சொகுசாக இல்லை! குடல் வாய்க்கு வருகிறது என்று அவளே சொன்னாளே! அதை எதற்குச் சரிசெய்ய வேண்டும்? புது ஷாக் அப்சார்பரை மாட்டினால் பின்சீட்டு தொட்டிலாகிவிடும், வரலட்சுமி ஆயுசுக்கும் அங்கேயே இருந்துவிடுவாள். பழையதே இருந்தால்? நாளைக்கு ஒரே ஒரு பயணம். பூந்தமல்லி தாண்டுவதற்குள் அவளே, 'நான் முன்னால வந்துடறேங்க' என்று சொல்வாள். மாமியார் என்ன சொல்ல முடியும்? இடுப்பெலும்புக்கு முன்னால் சினிமாக்காரி எம்மாத்திரம்?

பழைய ஷாக் அப்சார்பர்களைக் கழற்றினான். கையில் பிடித்து அமுக்கிப் பார்த்தால் சைக்கிள் பம்பு மாதிரி சர் சர்ரென்று போய்ப் போய் வந்தன. அருமை என்று சொல்லிக்கொண்டான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஜன்னல் கம்பிக்கு அடித்து மீந்திருந்த கறுப்புப் பெயின்டைப் பூசினான். அச்சு அசல் புதுசு. நிஜப் புதுசு இரண்டையும் ஒளித்துவைக்க வேண்டுமே? பின்கட்டில் குமுட்டி அடுப்புக்கான கரிமூட்டை இருந்தது. வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று அடியாழத்தில் செருகினான். அந்த மூட்டைப் பக்கம் யாரும் போய் எத்திராஜ் பார்த்ததில்லை. காரணம், அவனே அந்தப் பக்கம் போனதில்லை.

அப்புறம் பழையதை மறுபடி மாட்டப் படுத்தான். முதலாவது ஏறிவிட்டது. இரண்டாவதில் பெயின்ட் காயவில்லை. இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் நட்டை முறுக்கினான். முறுக்கிய வேகத்தில் ஷாக் அப்சார்பர் வழுக்கியது, ஸ்பானரும் வழுக்கியது, இடது மணிக்கட்டு போய்ச் செங்கல்லில் 'நங்'கென்று இறங்கியது. கண்ணில் பொறி பறந்தது. ஒரு கையால் எப்படியோ வேலையை முடித்து வெளியே வந்தபோது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

வேம்புலியம்மாள் ஓடிவந்து உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசி, பழைய வேட்டியைக் கிழித்து முழங்கைவரை கட்டினாள்.

"கட்டு காயறவரைக்கும் கைய ஆட்டாதீங்க மாப்ளே. மூக்குல இன்னா கறுப்பு?"

"ஆயில், அத்தே."

வரலட்சுமி முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். "ஆயிலு காயுமாங்க? ஒட்டிகினு கீது."

"புது ஆயில்" என்றான் எத்திராஜ்.

வலியிலும் அவன் சபதத்தை மறக்கவில்லை. சாயங்காலம் காபி குடிக்கும்போது பீடிகை போட்டான்.

"வரலட்சுமி, ஒரு விசயம். புது ஷாக் அப்சார்பர்னா ஆரம்பத்துல கொஞ்சம் முறுக்கிகினுதான் இருக்கும். புதுச் செருப்பு கடிக்கற மாதிரி. பின்சீட்டுல கொஞ்ச நாளைக்குத் தூக்கித் தூக்கிப் போடும்."

"புதுசு மாத்துனாலுமா?"

"புதுசு மாத்துனதாலதான். ஆனா முன்சீட்டு கீது பாரு, மெத்தை. ஒரு ஆட்டம் கெடையாது. இடுப்பு வலின்னே ஒண்ணு வராது. முன்னால உக்காந்துகினு வர்றவங்க ஸ்ரீபெரும்புதூர் வர்றதுக்குள்ள தூங்கிடுவாங்க. அதனால நான் இன்னா சொல்றேன்னா..."

அவன் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கவில்லை. வேம்புலியம்மாள் முந்திக்கொண்டாள்.

"அப்ப நான் முன்னால குந்திக்கறேன் மாப்ளே. எனுக்குதான் இடுப்பு வலி."

எத்திராஜ் காபியை விழுங்க மறந்தான். இந்தப் பக்கத்திலிருந்து அடி வரும் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை. ஆச்சரியம் என்னவென்றால் வரலட்சுமியும் எதிர்பார்க்கவில்லை.

"நீ எதுக்குமா முன்னால? ஆம்பளைக்குப் பக்கத்துல..."

"போடி. மருமவன் எனுக்குப் புள்ள மாரி. யாரு இன்னா சொல்றது? அவரு இவ்ளோ அக்கறையா சொல்றாரு, உனுக்கு இன்னா?"

வரலட்சுமி எத்திராஜைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா வருத்தமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அவன் அதற்குள் அடுத்த கவலைக்குப் போயிருந்தான்.

"யாரும் எங்கயும் உக்கார வேணாம். ஃபியட்டுக்குக் கியரு ஸ்டியரிங்குக்கு எடது பக்கம். என் எடது கை கட்டுல கீது. நாளைக்கு வண்டி போகாது. பஸ்லதான் போகணும்."

சொல்லும்போதே உள்ளுக்குள் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டு கிடைத்தாலும் கிடைக்கும்.

"வண்டி போவும்" என்றாள் வரலட்சுமி.

"யாரு ஓட்டறது?"

"நான்."

எத்திராஜ் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, வரலட்சுமி வண்டியின் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினாள். உட்கார்ந்த உடனே குனிந்து ஒரு கம்பியை இழுத்தாள். சீட்டு சறுக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றது. எத்தனையோ நாள் செய்து பழகிய கை. எத்திராஜ் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். பல மாதத்து மோர் அவன் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றது.

"நீதானா?"

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல."

பக்கத்து வீட்டு ஞானம்மாள் வாசலுக்கு வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அவள் அப்பா மிஷன் ஆஸ்பத்திரி வேன் டிரைவர், அவளும் கல்யாணத்துக்கு முன்பே வேன் ஓட்டியவள் என்று குவாட்டர்ஸில் எல்லாருக்கும் தெரியும். எத்திராஜுக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

"ஏட்டி வரலட்சுமி! பூந்தமல்லி முக்குல ரெண்டாவது கியர் போட்டுக்கோ. கிளட்ச்சை மெள்ள விடு. மைதானத்துல விட்ட மாதிரி விட்டிராத, இது ரோடு!"

மைதானம்! குண்டும் குழியுமாகப் பரேடு மைதானத்துக்குப் பக்கத்தில் கிடக்கிற பொட்டல்! அவன் டியூட்டிக்குச் சைக்கிளில் போன பிறகு தினம் தினம் அங்கேதான் வண்டி ஓடியிருக்கிறது. பெட்ரோல் ஆவியாகவில்லை.

"அத்தே, உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியாம இன்னா மாப்ளே? நான்தான் பின்னால தொணைக்குக் குந்தியிருப்பேன்."

வேம்புலியம்மாளின் சரீரத்தை ஒரு பார்வை பார்த்ததில், வாரத்தில் ஒரு நாள் ஓடுகிற வண்டிக்கு ஷாக் அப்சார்பர் தேய்ந்த மர்மமும் எத்திராஜுக்கு விளங்கிவிட்டது.

"லைசென்சு?"

"அது வாங்கி ஒரு மாசமாச்சி" என்றாள் வரலட்சுமி. "ஏறுங்க."

முன்னால் மாமியார் ஏறிச் சாய்ந்துகொண்டாள். மூன்றாவது ஆளுக்கு அங்கே இடமில்லை, காற்றுக்கே இல்லை. எத்திராஜ் பின்னால் ஏறினான். ஒரு பக்கம் வாழைத்தார், மறு பக்கம் பலாப்பழம், மடியில் சீர்த்தட்டு, காலடியில் ஒரு கோணி மூட்டை.

"அந்தக் கோணிய மிதிச்சிடாதீங்க" என்றாள் வரலட்சுமி.

"இன்னா இது?"

"அடுப்புக் கரிதான். அக்கா கேட்டிருந்துச்சி. காலைல அடுப்பு மூட்டப் போனப்ப, நம்ம மூட்டைல நெறைய கீதேன்னு கொஞ்சம் எடுத்துக் கட்டினேன்."

எத்திராஜ் கோணியை உற்றுப் பார்த்தான். மேலாக எடுத்தாளா, அடியிலிருந்து எடுத்தாளா? மெதுவாகக் கால் கட்டைவிரலால் கோணியைத் தடவினான். கரி. கரி. அப்புறம் சில்லென்று, உருண்டையாக, நீளமாக ஏதோ. விரலை எடுத்துக்கொண்டான். கரியில் பெரிய கட்டையும் இருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

வண்டி கிளம்பியது. ஒன்று சொல்ல வேண்டும், நன்றாகத்தான் ஓட்டினாள். குவாட்டர்ஸ் கேட்டில் வாட்ச்மேன் யாரோ அதிகாரி சம்சாரம் என்று நினைத்து சல்யூட் அடித்தான். முன்சீட்டு மெத்தையாகத்தான் இருந்தது, வேம்புலியம்மாள் அவன் சொன்னபடியே தூங்கிவிட்டாள். பின்சீட்டில் பிரளயம் நடந்துகொண்டிருந்தது. சாலையில் ஒரு கூழாங்கல் கிடந்தாலும் எத்திராஜ் மேலே போய்க் கூரையைத் தொட்டுவிட்டு வந்தான். அவன் மேலே போகும்போது பலாப்பழம் கீழே வந்தது, அவன் கீழே வரும்போது அது மடியில் காத்திருந்தது. குடல் வாய்க்கு வருகிறது என்று அவள் சொன்னது சும்மா இல்லை என்று தெரிந்தது. இத்தனை நாளாக இதிலா அவளை உட்கார வைத்து ஓட்டினோம் என்று அவனுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

வரலட்சுமி கையை உயர்த்திக் கண்ணாடியைத் திருப்பினாள். அதில் அவள் கண்கள் தெரிந்தன. அவளுக்கு அதில் அவன் தெரிந்திருக்க வேண்டும்.

"எப்புடிங்க கீது புது ஷாக் அப்சார்பரு?"

"பிரமாதம்" என்றான் எத்திராஜ், கூரையிலிருந்து இறங்கிக்கொண்டே.

"தூக்கிப் போடுதா?"

"சேச்சே. முதல்ல கொஞ்சம்... முறுக்கு..."

"சொன்னீங்களே, புதுச் செருப்பு மாரின்னு."

பூந்தமல்லியைத் தாண்டினார்கள். முக்கில் அவள் இரண்டாவது கியர் போட்டாள். சாலை காலியாக நீண்டது. கொஞ்ச தூரத்தில் இடப்பக்கம் மரங்களுக்கு நடுவில் செம்பரம்பாக்கம் ஏரி பளபளத்தது. காற்று சிலுசிலுவென்று உள்ளே வந்தது. எத்திராஜ் கனவில் கண்டபடியே எல்லாம் இருந்தது. வண்டி இருந்தது, ஏரி இருந்தது, வரலட்சுமி முன்னால் இருந்தாள், அவள் தலையில் பூ இருந்தது. அவன் மட்டும் வாழைத்தாருக்குப் பக்கத்தில் இருந்தான். மல்லிகை வாசனை ஜன்னல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தப் பள்ளம் வந்தது. முன்சக்கரம் அதை மரியாதையாகக் கடந்தது. பின்சக்கரம் விழுந்தது. எத்திராஜ், பலாப்பழம், சீர்த்தட்டு எல்லாரும் ஒன்றாக மேலே போய் ஒன்றாக வந்தார்கள். கோணி கவிழ்ந்து வாய் பிளந்தது. அதிலிருந்து கரியும், கரியோடு நிஜப் புது ஷாக் அப்சார்பர் இரண்டும் உருண்டு வந்து அவன் வெள்ளை வேட்டிமேல் படுத்துக்கொண்டன.

வேம்புலியம்மாள் தூக்கத்திலேயே புரண்டு, "ஸ்ரீபெரும்புதூரு வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி குறட்டை விட்டாள்.

எத்திராஜ் கண்ணாடியைப் பார்த்தான். வரலட்சுமி சாலையைப் பார்த்தபடியே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"காலைலயே பாத்துட்டேன். அடுப்புல போட இருந்தேன். கட்டை வழவழன்னு கீதேன்னு எடுத்துப் பாத்தா இது."

"வரலட்சுமி, அது வந்து..."

"எதுக்குன்னும் புரிஞ்சிபோச்சி. என்ன முன்னால வரவெக்கத்தானே? ஏங்க, அன்னிக்கு ஒரு காலு உள்ள வெச்சேனே. 'என் பொண்டாட்டி எம்பக்கத்துல உக்காரட்டும்'னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அம்மா இன்னா பண்ணியிருக்கும்? நீங்க டயரப் பாத்தீங்க. வண்டி வந்த நாளா கண்ணாடியில என்னையே பாக்கறீங்க, நான் பாக்கறேன் நீங்க பாக்கறத. வாயத் தொறந்து கேப்பீங்களான்னா, இல்ல."

எத்திராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கரித் தூசியாக இருக்கலாம்.

"அதான் நானே ஒரு வழி பண்ணேன். ஞானம்மா அக்காகிட்ட கத்துகினேன். நான் ஓட்டுனா அம்மா பாட்டுக்குப் பின்னால குந்தும். நீங்க எம்பக்கத்துல உக்காந்துகினு வரலாம். பொம்பள ஓட்ற வண்டி, புருசன் பக்கத்துல இல்லாம வேற யாரு இருப்பான்னு ஊரே ஒத்துக்கும். இந்தக் காதுகுத்துக்கு அப்புடித்தான் போவலாம்னு ஆசையா இருந்தேன். மடியில ஆரஞ்சுப்பழம் கூட கீது." அவள் குரல் சற்றே இறங்கியது. "நீங்கதான் முன்சீட்டு மெத்தைன்னு சொல்லி அம்மாவ ஏத்தி விட்டுட்டீங்க."

எத்திராஜ் முன்சீட்டைப் பார்த்தான். அவன் இடத்தில், அவனுக்காகவே ஒருத்தி மாதக்கணக்கில் குண்டிலும் குழியிலும் ஓட்டிப் பழகிச் சம்பாதித்த இடத்தில், வேம்புலியம்மாள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் தான் மட்டும்தான் ஏங்கினோம் என்று நினைத்தது எத்தனை முட்டாள்தனம் என்று அவனுக்கு உறைத்தது. அந்தப் பக்கமும் இதே ஏக்கம்தான் இருந்திருக்கிறது, நடுவில் ஒரு கண்ணாடி.

இனியும் டயரைப் பார்க்கக் கூடாது. ஏரி தீர்ந்துபோவதற்குள் கேட்டுவிட வேண்டும். எத்திராஜ் பலாப்பழத்தை ஒதுக்கினான். ஷாக் அப்சார்பர்களை மடியிலிருந்து இறக்கினான். கட்டுப் போட்ட கையை முன்சீட்டின் முதுகில் ஊன்றி, எட்டி, அவள் காதோரமாகக் குனிந்தான். மல்லிகை வாசனை முதல்தடவையாக அவன் மூக்குக்கு எட்டியது. இரண்டு வருஷம் நெஞ்சிலேயே வைத்திருந்ததைத் தைரியமாகக் கேட்டான்.

"வரலட்சுமி, முன்னால வந்து உக்காருவியா?"

கண்ணாடியில் அவள் கண்கள் அவனைப் பார்த்தன. சிரித்தன. இன்னொரு பள்ளம் வருவதையும் அவை பார்த்திருக்க வேண்டும்.

"இன்னாங்க நீங்க? நான் முன்னாலதானே கீறேன். நீங்கதான் பின்னால பூட்டீங்க."